இலேசான வீல் நட் வாங்குவதற்கு முன்



நம் பாடப் பகுதியில் வழக்கமாக சமயம், பண்டிகை, தலைமைத்துவம் என்றுதான் கட்டுரைகள் வரும். இந்த முறை காரின் வீல் நட்டைப் பற்றி எழுதுகிறேன். நான் பொறியியல் மாணவன் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் பெரியது. போன தைப்பூசத்துக்கு முதல் நாள், நம் வட்டாரத்துப் பிள்ளைகள் மூன்று பேரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியில் முன் சக்கரம் ஒன்று கழன்று போகப் பார்த்தது. அது யாருடைய தவறும் இல்லை, என்னுடைய தவறுதான்.

நம்மில் பலர் இப்போதுதான் லைசென்ஸ் எடுத்து, முதல் சம்பளத்தில் மைவியோ சாகாவோ வாங்கியிருப்போம். சிவப்பு, நீலம், ஊதா என்று வண்ண வண்ணமாக இலேசான நட் விற்கிறார்கள். வாங்கத் தோன்றும். வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

நடந்தது இதுதான்

கார் அப்பாவின் பழைய ஹோண்டா சிட்டி. ரிம்மும் காரோடு வந்த ரிம்தான். ஆன்லைனில் 89 ரிங்கிட்டுக்கு 16 சிவப்பு அலுமினிய நட் வாங்கினேன். "சுழலும் எடை குறையும், பிக்கப் கூடும்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. மரை அளவு எம்12 × 1.5. காரின் அளவும் அதுவே. கையால் திருப்பிப் பார்த்தேன், அழகாக ஏறியது. ஏறிவிட்டது, அப்படியென்றால் சரி என்று முடிவு கட்டினேன். நண்பனிடம் ஏர் கன் இருந்தது. பதினாறையும் பத்து நிமிடத்தில் இறுக்கி முடித்தோம். படம் எடுத்துப் போட்டேன், லைக் நிறைய வந்தது.

ஐந்து நாள் கழித்து சிரம்பானிலிருந்து பத்துமலைக்குப் புறப்பட்டோம். தண்ணீர்ப் பந்தல் சேவை. பின் இருக்கையில் படிவம் 2, படிவம் 3 படிக்கும் மூன்று தம்பிமார். பூட்டில் நான்கு பெட்டி மினரல் வாட்டர்.

நீலாய் தாண்டியதும் ஸ்டீரிங் இலேசாக நடுங்கியது. ரோடு சரியில்லை போல என்று நினைத்தேன். கொஞ்ச தூரத்தில் பின்னால் இருந்து ஒருவன், "அண்ணே, கீழ டக் டக்குன்னு சத்தம் வருது" என்றான். ரேடியோவைக் குறைத்தேன். எனக்கும் கேட்டது.

வேகத்தைக் குறைத்து அவசரத் தடத்தில் ஓரம் கட்டினேன். பிள்ளைகளை இடது பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்க வைத்துவிட்டு முன் இடது சக்கரத்தைப் பார்த்தேன். நான்கு நட்டில் இரண்டை விரலாலேயே திருப்ப முடிந்தது. மூன்றாவது, ஸ்பேனரை வைத்ததும் சுழன்றது. நான்காவது மட்டும்தான் இறுக்கமாக இருந்தது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரே நட்தான் எங்கள் நால்வரையும் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது.

பிள்ளைகள் இன்னொரு காரில் பத்துமலைக்குப் போனார்கள். நான் இழுவை வண்டியில் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த போமன் அண்ணன் சக்கரத்தைக் கழற்றினார். ரிம் ஓட்டையில் டார்ச் அடித்துக் காட்டினார்.

"தம்பி, இந்தக் குழியப் பாரு. பந்து வெச்சு அமுக்குன மாதிரி வளைஞ்சிருக்கா? இப்ப உன் நட்டப் பாரு. கூம்பு. ஐஸ்கிரீம் கோன கிண்ணத்துல வெச்சா உட்காருமா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. மூன்று வருடமாகப் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பாகங்களின் வடிவமைப்பைப் படிக்கிறேன். நட்டும் போல்ட்டும் தேர்வில் வந்தன. நன்றாகத்தான் எழுதினேன். காரில் போடும்போது மட்டும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதல் கணக்கு: எத்தனை கிராம் மிச்சம்?

வீட்டுக்கு வந்து அம்மாவின் சமையல் தராசை எடுத்தேன். பழைய எஃகு நட் ஒன்று 50 கிராம். சிவப்பு அலுமினிய நட் 26 கிராம். வித்தியாசம் 24 கிராம். பதினாறுக்கும் சேர்த்து 384 கிராம். சுமார் அரை லிட்டர் பெட்ரோலின் எடை.

"எடை கொஞ்சம்தான், ஆனால் அது சுழலும் எடையாச்சே" என்று சிலர் சொல்வார்கள். இந்தப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. சுழலும் பொருளை வேகப்படுத்த இரண்டு வேலை செய்ய வேண்டும். ஒன்று, அதை முன்னே நகர்த்துவது. இன்னொன்று, அதைச் சுழற்றுவது. ஆனால் சுழற்றும் வேலை எவ்வளவு என்பது, எடை மையத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதுவும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது.

டயரின் வெளி விளிம்பில் ஒரு கிலோ கூடினால் காருக்கு அது கிட்டத்தட்ட இரண்டு கிலோ கூடியது போல. நட் இருக்கும் இடம் அப்படி இல்லை. என் காரில் நான்கு நட்டும் 100 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருக்கின்றன. அதாவது மையத்திலிருந்து 50 மி.மீ. தூரம். டயரின் ஆரம் சுமார் 300 மி.மீ. ஐம்பதை முந்நூறால் வகுத்தால் ஆறில் ஒரு பங்கு. அதன் வர்க்கம் 36-இல் ஒரு பங்கு. ஆக, நட்டின் எடை சுழல்வதால் கூடுவது 36-இல் ஒரு பங்கு மட்டும்தான். 384 கிராம் குறைத்தால் 395 கிராம் குறைத்த பலன் கிடைக்கும். அவ்வளவுதான்.

நான் மட்டும் ஓட்டும்போது கார் 1,170 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 395 கிராம் என்பது அதில் 0.034 விழுக்காடு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகம் எடுக்க 12 நொடி ஆகும் என்றால், புது நட்டால் மிச்சமாகும் நேரம் 0.004 நொடி. கண் சிமிட்டும் நேரத்தைவிட மிகக் குறைவு.

இன்னும் ஒன்று. அன்று பூட்டில் இருந்த தண்ணீர், பெட்டிக்கு 24 அரை லிட்டர் புட்டி. நான்கு பெட்டி, 48 கிலோ. 384 கிராம் குறைக்க 89 ரிங்கிட் செலவழித்துவிட்டு 48 கிலோவை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். சேவைக்குத் தண்ணீர் கொண்டுபோனது சரிதான். நட் வாங்கியதற்குச் சொன்ன காரணம்தான் பொய்.

இரண்டாவது கணக்கு: சக்கரத்தைப் பிடிப்பது எது?

சக்கரம் ஸ்டட்டில் தொங்குகிறது, நட் அது வெளியே வராமல் தடுக்கிறது என்றுதான் நிறைய பேர் நினைக்கிறோம். உண்மை வேறு. சக்கரத்தைப் பிடிப்பது உராய்வு.

நட்டை இறுக்கும்போது ஸ்டட் ரப்பர் பேண்டு போல இழுபடுகிறது. இழுபட்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு சேர்த்து அமுக்குகிறது. அமுக்கிய இரண்டு முகங்களுக்கு நடுவே வரும் உராய்வுதான் காரின் எடையையும், பிரேக்கையும், வளைவையும் தாங்குகிறது.

எவ்வளவு அமுக்குகிறது? என் காருக்கு ஹோண்டா சொல்லும் முறுக்குவிசை 108 நியூட்டன் மீட்டர். பாடப்புத்தகத்தில் வரும் எளிய சூத்திரம் இது: முறுக்குவிசையை, ஸ்டட்டின் விட்டத்தாலும் 0.2 என்ற உராய்வு எண்ணாலும் வகுக்க வேண்டும். விட்டம் 12 மி.மீ. வகுத்தால் 45,000 நியூட்டன் வருகிறது. ஒரு ஸ்டட்டுக்கு ஏறக்குறைய நாலரை டன். நான்குக்கும் சேர்த்து 18 டன். ஆள் ஏறிய கார் ஒன்றரை டன் என்று வைத்தாலும், 12 கார்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி அமுக்குவதற்குச் சமம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். இந்த நாலரை டன் இழுப்புக்கு ஸ்டட் எவ்வளவு நீளும்? ஹப்புக்கும் நட்டுக்கும் நடுவில் சுமார் 25 மி.மீ. ஸ்டட்தான் இழுபடுகிறது. எஃகின் மீள்தன்மையை வைத்துக் கணக்குப் போட்டால் நீட்சி 0.06 மி.மீ. ஒரு தலைமுடியின் தடிமன் அளவு!

சக்கரத்தைப் பிடித்திருப்பது அந்தத் தலைமுடி அளவு நீட்சிதான். நட் உட்காரும் இடத்தில் உலோகம் அவ்வளவு நசுங்கினால் போதும், 18 டன்னும் காணாமல் போகும். என் கூம்பு நட் பந்துக் குழியில் முழுதாக உட்காரவில்லை. மெல்லிய வளையமாக ஒரு கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தது. எல்லா விசையும் அந்தக் கோட்டில் விழுந்தது. ஓட ஓட அந்தக் கோடு நசுங்கியது. நீட்சி போனது, அமுக்கம் போனது, உராய்வு போனது. அதற்குப் பிறகு சக்கரம் ஆட ஆரம்பித்தது, ஆட ஆட நட் தானாகத் திரும்பியது. மரை சரியாக இருந்தும் இத்தனையும் நடந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டிய நான்கு

எடையை மறந்துவிட்டு, முதலில் இந்த நான்கையும் வரிசையாகப் பாருங்கள்.

1. மரை. நம் நாட்டு ரோட்டில் ஓடும் ஹோண்டா, தோயோத்தா, மிட்சுபிஷி, புரோட்டோன், பெரோடுவா கார்களில் பெரும்பாலும் எம்12 × 1.5. அதாவது விட்டம் 12 மி.மீ., ஒரு சுற்றுக்கு 1.5 மி.மீ. ஏறும். நிசான், சுசுகி, சுபாரு கார்களில் பெரும்பாலும் எம்12 × 1.25. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தவறான நட்டும் ஒன்றிரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். "டைட்டா இருக்கு" என்று ஏர் கன் வைத்தால் ஸ்டட்டின் மரை போய்விடும். கையால் முழுதாக ஏறாத நட்டைக் கருவி வைத்து ஏற்றக்கூடாது. பல ஐரோப்பியக் கார்களில் நட்டே கிடையாது, போல்ட்தான். அது வேறு கதை.

2. சீட். அதாவது நட் ரிம்மில் உட்காரும் முகம். மூன்று வகை இருக்கிறது. ஹோண்டாவின் சொந்த ரிம்களில் பந்து வடிவம். கடையில் தனியாக வாங்கும் ரிம்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு. தோயோத்தாவின் பல சொந்த அலாய் ரிம்களில் வாஷரோடு வரும் தட்டை முகம். சீட் எதுவென்று முடிவு செய்வது காரின் பிராண்டு அல்ல, ரிம். ரிம் மாற்றினால் நட்டும் மாறலாம். மறுபடி பழைய ரிம் போட்டால் பழைய நட்தான் போட வேண்டும். நான் தோற்ற இடம் இதுதான். ஆன்லைனில் விற்கும் வண்ண நட்டுகள் பெரும்பாலும் கூம்பு வகை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. எத்தனை சுற்று. எஃகு நட் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவுக்காவது மரையில் ஏறி இருக்க வேண்டும். 12 மி.மீ. என்றால் 1.5 மரையில் 8 சுற்று, 1.25 மரையில் 10 சுற்று. அலுமினியத்தின் மரை எஃகைவிட மென்மை, அதனால் இன்னும் கூடுதலாக வேண்டும். 1.5 மரையில் 12 சுற்று கிடைத்தால் நல்லது. ரிம்முக்குப் பின்னால் ஸ்பேசர் போட்டவர்கள் இதைக் கட்டாயம் எண்ணிப் பாருங்கள். மூடிய முனை நட் என்றால் இன்னொரு சோதனை உண்டு. ஸ்டட் நீளமாக இருந்தால் அதன் நுனி நட்டின் உள்ளே போய் முட்டும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ரிம் மட்டும் இறுகியிருக்காது.

4. வெளிப்புற அளவு. ரிம்மின் ஓட்டை குறுகலாக இருந்தால் சாக்கெட் உள்ளே போகாது. பழைய நட்டுக்கு 19 மி.மீ. சாக்கெட், புது நட்டுக்கு 17 மி.மீ. என்றால், நடு ரோட்டில் டயர் பஞ்சரானால் காரில் உள்ள ஸ்பேனர் உதவாது. சாவி வைத்த லாக் நட் வாங்கினால் அந்தச் சாவி எப்போதும் காரில் இருக்க வேண்டும். ஸ்பேர் டயரின் ரிம்முக்கு எந்த நட் பொருந்தும் என்பதையும் பாருங்கள். என் பழைய நட்டுகள் அன்று வீட்டில் மைலோ டின்னில் இருந்தன. காரில் இருந்திருந்தால் இழுவை வண்டிக்கு அலைந்திருக்க வேண்டாம்.

எந்த உலோகம்?

எஃகு. கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம். கனம்தான். ஆனால் பலமுறை கழற்றி மாட்டினாலும் மரை தேயாது, பிரேக் சூடும் அதை ஒன்றும் செய்யாது. கார் நிறுவனங்கள் எஃகையே போடுவதற்குக் காரணம் கஞ்சத்தனம் மட்டும் அல்ல.

அலுமினியம். சுமார் 2.7 முதல் 2.8 கிராம். ஆனால் "அலுமினியம்" என்று ஒரே வார்த்தையில் விற்பதில்தான் ஏமாற்றம் இருக்கிறது. 7075 என்ற கலப்புலோகம், டி6 பதத்தில், சுமார் 500 மெகாபாஸ்கல் வரை நிரந்தரமாக வளையாமல் தாங்கும். 6061 என்ற சாதாரண வகை சுமார் 275 தான் தாங்கும். பெட்டியில் எண் போடவில்லை என்றால் வாங்காதீர்கள். நல்ல 7075-க்கும் குறைகள் உண்டு. எஃகு சூட்டில் விரிவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலுமினியம் விரியும். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் ஹப் வரை சூடு ஏறும். அடிக்கடி அப்படிச் சூடானால் அதன் பலமும் மெதுவாகக் குறையும். மழையில் நனைந்தால் எஃகு ஸ்டட்டும் அலுமினிய நட்டும் சேரும் இடத்தில் அலுமினியம் அரிக்கும். நம் ஊரில் மழைக்குப் பஞ்சமா? ஏர் கன் வைத்தால் ஆறு மூலையும் மழுங்கும்.

டைட்டானியம். சுமார் 4.4 கிராம். பலம் நல்ல எஃகுக்கு அருகில் வரும். ஆனால் விலை அதிகம். மரையில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு. அப்படிப் பிடித்தால் ஸ்டட்டோடு சேர்த்துத்தான் வெட்டி எடுக்க வேண்டும்.

இலேசாக வேண்டும் என்று ஆசை இருந்தால் எளிய வழி ஒன்று இருக்கிறது. திறந்த முனையுள்ள குட்டையான எஃகு நட். மூடி இல்லாததால் எடை குறையும், பலம் குறையாது. ஸ்டட் வெளியே எட்டிப் பார்ப்பதால் எத்தனை சுற்று ஏறியிருக்கிறது என்றும் தெரியும். ஸ்டட்டின் நுனி துருப்பிடிக்கும் என்பது மட்டும்தான் குறை.

மாட்டும் முறை

நட் சரியானதாக இருந்தாலும் மாட்டுவது தவறானால் பயனில்லை.

முதலில் ஸ்டட்டையும், ஹப்பின் முகத்தையும், ரிம் ஓட்டையையும் துடையுங்கள். துரு, மண், புதிதாக அடித்த பெயிண்ட் எல்லாம் பின்னால் நசுங்கும். தலைமுடி அளவு நசுங்கினாலே என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

எண்ணெயோ கிரீசோ தடவாதீர்கள். கார் கையேட்டில் சொல்லும் முறுக்குவிசை காய்ந்த மரைக்குச் சொன்னது. எண்ணெய் போட்டால் உராய்வு எண் 0.2 என்பது 0.13 ஆகலாம். அதே 108 நியூட்டன் மீட்டருக்கு ஸ்டட்டின் மேல் வரும் இழுப்பு ஒன்றரை மடங்காகும். "நல்லதுக்குத்தானே தடவினேன்" என்று சொல்லி ஸ்டட்டை நிரந்தரமாக நீட்டிவிடுவோம்.

ஒவ்வொரு நட்டையும் விரலால் ஏற்றுங்கள். பிறகு ஸ்பேனரால் எதிரெதிராக, பெருக்கல் குறி போடுவது போல இறுக்குங்கள். காரை ஜாக்கிலிருந்து இறக்கிய பிறகு டார்க் ரெஞ்ச் வைத்து, உங்கள் கார் கையேட்டில் உள்ள எண்ணுக்கு இறுக்குங்கள். "டக்" என்று ஒருமுறை சொன்னால் போதும். கூட ஒரு மிதி மிதிக்க வேண்டாம்.

50 முதல் 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சரிபாருங்கள். புதிதாக உட்காரும் உலோகம் கொஞ்சம் அமுங்கும், அது இயல்பு. இந்த ஒரு வேலையை நான் செய்திருந்தால், சீட் தவறு என்பது சிரம்பானிலேயே தெரிந்திருக்கும்.

அப்படியென்றால் வாங்கலாமா?

சிப்பாங்கில் ட்ராக் டேக்குப் போகிறவர்கள் சிலர் நல்ல அலுமினிய நட் போடுவார்கள். ஓடுவதற்கு முன்னும் பின்னும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்ப்பார்கள், தேய்ந்ததும் தூக்கிப் போடுவார்கள். அந்தப் பழக்கம் உள்ளவருக்கு அது சரி. வேலைக்கும் கோயிலுக்கும் பாலேக் கம்போங்குக்கும் ஓடும் காருக்கு எஃகு போதும். எடை குறைய வேண்டுமா? பூட்டைத் திறந்து பாருங்கள். என் பூட்டில் உடைந்த குடை, போன வருட முகாமின் பேனர், இரண்டு ஜோடிக் காலணி எல்லாம் சேர்த்து 6 கிலோ இருந்தது. செலவில்லாமல் குறைத்தேன். அடுத்து ரிம் மாற்றும் நாள் வந்தால் இலேசான ரிம்மாகப் பார்க்கலாம். அங்கே மிச்சமாவது கிராம் இல்லை, கிலோ. 89 ரிங்கிட்டோடு இன்னும் கொஞ்சம் போட்டால் ஒரு டார்க் ரெஞ்ச் வரும். நான் 120 ரிங்கிட்டுக்கு வாங்கினேன். இப்போது நம் வட்டாரத்தில் யார் கேட்டாலும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

நிறம் பிடித்திருக்கிறது என்றால் அதையும் தவறென்று சொல்ல மாட்டேன். சீட்டும் மரையும் பொருந்தும் வண்ண எஃகு நட்டும் விற்கிறார்கள். அழகுக்குத்தான் வாங்குகிறோம் என்று நமக்கு நாமே உண்மையைச் சொல்லிக்கொண்டால் போதும். நான் அழகுக்கு வாங்கிவிட்டு, பொறியியல் காரணம் சொன்னேன்.

மூன்று வீடுகள்

என் செலவு ஒரு ரிம், நான்கு ஸ்டட், இழுவை வண்டிக் கூலி. அப்பா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "பிள்ளைங்க வீட்டுல சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

சொல்லவில்லை. கார் பழுதாகிவிட்டது என்று மட்டும்தான் அன்று சொல்லியிருந்தேன். பழுது என்றால் கார் செய்த தவறு போல ஆகிவிடுகிறது. தைப்பூசம் முடிந்த மறுவாரம் மூன்று வீட்டுக்கும் போனேன். நட்டைத் தவறாகப் போட்டது நான்தான், சக்கரம் கழன்றிருக்கலாம் என்று சொன்னேன். ஒரு வீட்டில் அமைதியாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒரு வீட்டில் அந்தத் தம்பியின் அப்பா கோபப்பட்டார். அவர் கோபம் நியாயம். மூன்றாவது வீட்டில் அந்த அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "வந்து சொன்னியே, அது போதும் தம்பி. அடுத்த தடவ பிள்ளைங்கள ஏத்துறதுக்கு முன்னாடி நட்டப் பாத்துட்டு ஏத்து."

"அடுத்த தடவ" என்று அவர் சொன்னதை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மறுபடியும் நம்புகிறார் என்றுதானே அர்த்தம்?

நமக்குத் தெரிந்த கதை ஒன்று உண்டு. திரிபுரத்தை எரிக்கச் சிவபெருமான் தேரேறிப் புறப்பட்டார். விநாயகரை வணங்காமல் கிளம்பியதால் தேரின் அச்சு முறிந்தது. அது முறிந்த இடம் தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள அச்சிறுபாக்கம், அச்சு இற்றதால் வந்த பெயர் என்று தலபுராணம் சொல்கிறது. தேவர்களே சேர்ந்து செய்த தேராக இருந்தாலும், புறப்படும் முன் செய்ய வேண்டியதைச் செய்யாவிட்டால் நிற்க வேண்டியதுதான். நாமும் கார் வாங்கியதும் கோயில் வாசலில் நிறுத்தி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, விநாயகரை வேண்டிக்கொண்டு ஓட்டுகிறோம். நல்ல வழக்கம். பழம் வைக்கக் குனிகிறோம் அல்லவா? அப்படிக் குனியும்போது நட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அதுவும் வழிபாட்டில் சேர்த்திதான்.

வட்டாரக் கூட்டத்தில் செய்து பார்க்க

1. வந்திருக்கும் ஒவ்வொரு காரின் கையேட்டையும் திறந்து, வீல் நட்டின் முறுக்குவிசை எவ்வளவு என்று எழுதுங்கள். எந்த வயதுக் காராக இருந்தாலும் இந்த எண்ணை ஓட்டுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

2. ஒரு நட்டைக் கழற்றி அதன் சீட் பந்தா, கூம்பா, தட்டையா என்று பாருங்கள். ரிம் ஓட்டையோடு பொருந்துகிறதா? பிறகு கையேட்டில் உள்ள எண்ணுக்குத் திரும்ப இறுக்குங்கள்.

3. கணக்கு: ஐந்து நட் உள்ள ஒரு காரில் நட் வட்டத்தின் விட்டம் 114.3 மி.மீ., டயரின் ஆரம் 320 மி.மீ. நட்டின் எடை சுழல்வதால் கூடுவது எத்தனையில் ஒரு பங்கு? விடை: ஏறக்குறைய 31-இல் ஒரு பங்கு.

4. பேசிப் பார்க்க: பிறர் வீட்டுப் பிள்ளைகளைக் காரில் ஏற்றும் தொண்டர், புறப்படும் முன் பார்க்க வேண்டியவை எவை? ஐந்தை எழுதி, உங்கள் வட்டாரத்தின் கார் ஒவ்வொன்றிலும் ஒட்டுங்கள்.